வாந்தி வராத செவ்வாய்க்கிழமை

மருந்துக்கடை பிச்சுமணி ஓடினார்.

ஓடுவதற்கென்று படைக்கப்பட்ட சரீரம் இல்லை அது. கல்லாவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தே வளர்ந்த சரீரம். ஆனாலும் கறுப்புக் குடையும் வெள்ளைக் காட்டன் புடவையுமாகச் சூடாமணி கடை வாசலில் வந்து நின்று, "பிச்சுமணிதானே? உங்ககிட்ட ஒரு மருந்தைப் பத்திக் கேக்கணும்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், மனிதர் பின்கதவைத் திறந்துகொண்டு குமாரபுரத்துச் சந்துக்குள் பாய்ந்துவிட்டார்.

"தாசா, பிடிடா" என்றாள் சூடாமணி, குடையை மடக்கிக்கொண்டே.

தாசையன் பிடித்தான். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. முப்பது அடி தள்ளி ஒரு முள்வேலியில் பிச்சுமணியின் வேட்டி மாட்டிக்கொண்டிருந்தது. வேட்டியை விட்டுவிட்டு ஓடுவதா, மானத்தோடு பிடிபடுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் தாசையன் நிதானமாகப் போய்ச் சேர்ந்தான்.

"சாமி, இந்த வேகத்துக்கு நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ண வேண்டிய காரியமே இல்ல. வாங்க, நடந்தே போவோம்."

கடையின் பின்னறைக்குள் நுழைந்ததும் தாசையனுக்கு உடம்பு சிலிர்த்தது. அறை நிறைய பழுப்பு நிறக் குப்பிகள். மூலையில் ஒரு பெரிய உருளி. மேசையில் ஒட்டக் காத்திருக்கும் லேபிள் கட்டுகள். போலி மருந்துத் தொழிற்சாலை! மூன்று நாளாக அவர்கள் தேடிக்கொண்டிருந்தது கையும் களவுமாக அகப்பட்டுவிட்டது. நாளைய பேப்பரில் தன் படம் இடது பக்கமா வலது பக்கமா என்பது வரை அவன் போய்விட்டான்.

சூடாமணி ஒரு குப்பியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"செம்பருத்தி, கறிவேப்பிலை, தேங்காயெண்ணெய். அடி கொஞ்சம் பிடிச்சிருக்கு."

லேபிளைத் தாசையன் உரக்கப் படித்தான். "இமயமலை மூலிகைக் கூந்தல் தைலம். சாமி, இமயமலை எப்ப குமாரபுரத்துக்கு மாறிச்சு?"

"லைசென்ஸ் இல்லே மாமி" என்றார் பிச்சுமணி அழாத குறையாக. "ஆத்துக்காரி காய்ச்சறா. டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லேர்ந்து வந்தேளாக்கும்னு நெனைச்சுட்டேன்."

"நான் இன்ஸ்பெக்டர் இல்லே. அவாளுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கேன்" என்றாள் சூடாமணி. பிச்சுமணியின் முகத்தில் மிச்சம் இருந்த ரத்தமும் இறங்கியது. "தைலத்தை அப்புறம் பாத்துக்கலாம். ஞானையன் பெண்டாட்டிக்குக் கொடுத்த கேன்சர் மருந்து அசலா?"

பயந்து நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் அந்தக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்தார். "அசல். கம்பெனிலேர்ந்து சீல் பண்ணி வரது. அலமாரில இருக்கு, எடுத்துப் பாருங்கோ. எங்கம்மா போனதே அந்த வியாதிலதான் மாமி. தலைமயிர்ல விளையாடுவேன், அதுல விளையாட மாட்டேன்."

"ஞானையன் கடைசியா எப்போ வாங்கினார்?"

"முதல் வாரம் ஒரு குப்பி வாங்கினார். அப்புறம் அந்தத் திங்கக்கிழமை ஹர்த்தால்னு ஊரை அடைச்சாளே, அதுக்கு முந்தின சனிக்கிழமை மிச்ச நாலையும் மொத்தமா வாங்கிண்டு போயிட்டார். கூட இன்னொரு அம்மாவுக்கும் சேர்த்து."

சூடாமணி ஒரு உப்பு நெல்லிக்காய்த் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

சூடாமணியைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். இன்ஷுரன்ஸ் ஆபீசில் கிளெயிம் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவள். செத்தவன் நிஜமாகவே செத்தானா என்று பார்ப்பது அவள் வேலை. நாலு பேரை உயிரோடு பிடித்திருக்கிறாள். ரிட்டயர் ஆன மறுமாதமே இந்த மலையாளத்து ஊரின் கரமனைப் பகுதியில், மாவு மில்லுக்கு மேலே, துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். பாறசாலைக்காரனான தாசையனை உதவியாளாக எடுத்ததற்கு ஒரே காரணம், அவனிடம் ஸ்கூட்டர் இருந்தது. வாயும் இருந்தது என்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த நிலையத்தின் மாடிப்படியில்தான் போன வெள்ளிக்கிழமை ஞானையன் ஏறி வந்தார். பாளையம் சந்தையில் மீன்கடை. தேங்காய் உடைக்கும் கை, குழந்தை அழுவது போன்ற முகம். அவர் மனைவி ரோசுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து வார சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கரண்ட் வைப்பார்கள். கதிர்வீச்சுக்கு வார்டு முழுக்கப் பெயர் அதுதான். செவ்வாய்தோறும் கூடவே ஒரு மருந்து டிரிப்பில் ஏறும். மூன்று வாரம் முடிந்து டாக்டர் பார்த்தபோது கட்டி பாதியாவது கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை.

"எனக்க பெண்டாட்டிக்குள்ள மருந்தை எவனோ களவாணுதான் அம்மா" என்று மேசையில் குத்தினார் ஞானையன். "நல்லதை எடுத்துட்டு வெறும் வெள்ளத்தை ஏத்துதான். நாலாவது டிரிப் இந்தச் செவ்வாக்கிழமை. அதுக்குள்ள அவனைப் பிடிச்சுத் தரணும். வெட்டுத மீனை விட்டுட்டு அவனை வெட்டுதேன்."

இன்று திங்கள். மணி பதினொன்று.

* * *

ரோசின் டாக்டர் ஷைலஜா மூன்று நிமிஷம் கொடுத்தார். அதிலும் ஒன்றரை நிமிஷம் டெலிபோனுக்குப் போயிற்று.

"டாக்டர், கரண்டே கட்டியைக் கொல்லும்னா மருந்து எதுக்கு?" என்று கேட்டாள் சூடாமணி.

"மாமி, கரண்ட் செல்லுக்கு உள்ளே இருக்கிற நூலை அறுக்கும். பக்ஷே, கட்டியோட செல் லேசுப்பட்ட கக்ஷி இல்லா. மறுநாள் கரண்ட் வைக்கிறதுக்குள்ளே ரிப்பேர் செய்துகளயும். இந்த மருந்து போய் அந்த நூல்ல பசை மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் ரிப்பேர் நடக்காது. அதே கரண்ட், அதே அளவு, ஆனா அடி ரெண்டு மடங்கு விழும். ரெண்டு வருஷமாத்தான் எல்லா இடத்திலும் இந்த முறை."

வராந்தாவுக்கு வந்ததும் சூடாமணி தன் பாஷையில் மொழிபெயர்த்தாள். "தாசா, கரண்ட் தினம் போய் கட்டியோட கதவை உடைக்கறது. உள்ளே ஒரு ஆசாரி இருக்கான். உடனே வந்து கதவைப் பொருத்திடறான். மருந்து என்ன பண்றதுன்னா, ஆசாரி கையைக் கட்டிப் போட்டுடறது."

"இதுக்கு எதுக்கு மாமி இவ்வளவு வெலைக்கு மருந்து? ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுத்தா போதுமே. ஆறு மாசத்துக்கு அந்தப் பக்கம் வர மாட்டானே."

சூடாமணி சிரிக்கவில்லை. ஆனால் நெல்லிக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாறியது. அவளிடமிருந்து அவ்வளவுதான் கிடைக்கும்.

"டாக்டர் இன்னொண்ணும் சொன்னா, கவனிச்சியா? கரண்ட் நடக்கறப்போதான் அந்த மருந்துக்கு மவுசு. அஞ்சு வாரம் முடிஞ்சப்புறம் வாளி வாளியா ஏத்தினாலும் பிரயோஜனம் இல்லே. உடைக்கறவன் போனப்புறம் ஆசாரி கையைக் கட்டி என்ன லாபம்? ரோசுக்கு ரெண்டு செவ்வாய்தான் மிச்சம்."

"மருந்துல பிளாட்டினம் உண்டுண்ணு நர்சு சொன்னா மாமி. சாலைக் கடைத்தெருவுல உள்ள தட்டான் எல்லாரையும் லிஸ்ட்ல போடட்டா?"

"வாயை மூடிண்டு வா. வார்டுல ஒரு கணக்கு எடுக்கணும்."

"என்ன கணக்கு?"

"வாந்திக் கணக்கு."

அப்படியாகத் தாசையன், உலகத்திலேயே வாந்திக்கு ரிஜிஸ்டர் போட்ட முதல் துப்பறிவாளன் ஆனான். நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து, படுக்கை எண், கிழமை, எத்தனை தடவை என்று தலைப்பும் எழுதினான். இதற்காகத்தான் தன்னை அம்மா பத்து வரை படிக்க வைத்தாள் என்று நினைத்துக்கொண்டபோது அவனுக்கே தன்மேல் இரக்கம் வந்தது.

வார்டு நர்ஸ் ஷெமி விரல் விட்டுச் சொன்னாள். அந்த மருந்து ஏறினால் அன்றைக்கே குடலைப் பிடுங்கும். அது அதன் குணம். ரோஸ் முதல் செவ்வாய் ஒன்பது தடவை எடுத்தாள். இரண்டாவது செவ்வாய் ஒன்றுமே இல்லை. மூன்றாவது செவ்வாய் மத்தியானமே சோறும் மீன் குழம்பும் கேட்டுச் சாப்பிட்டாள். ஏழாம் படுக்கை வடிவம்மாள், போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். இரண்டு டிரிப் ஏறியும் லேசான குமட்டலோடு சரி. ஒன்பதாம் படுக்கை பொன்செல்விதான் பாவம். ஒவ்வொரு செவ்வாயும் பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டே கிடப்பாள்.

"ரோஸ் சேச்சிக்கும் வடிவம்மாளுக்கும் தெய்வ அனுக்கிரகம்" என்றாள் ஷெமி. "வார்டுல பிரேயர்கூட வச்சோம்."

"பொன்செல்வியோட கட்டி எப்படி இருக்கு?" என்றாள் சூடாமணி.

"அது நல்லா கரைஞ்சாச்சு. டாக்டருக்கே ஆச்சரியம்."

சூடாமணி தாசையனைப் பார்த்தாள். தாசையன் ரிஜிஸ்டரைப் பார்த்தான். வாந்தி எடுத்தவளுக்குக் கட்டி கரைகிறது. எடுக்காதவளுக்குக் கரையவில்லை. தெய்வத்தின் அனுக்கிரகம் தப்பான முகவரிக்கு டெலிவரி ஆகிக்கொண்டிருந்தது.

"மூணு பேருக்கும் மருந்து எந்தக் கடை?"

"எல்லாம் பிச்சுமணி சாமியோட கடை. பைஸ்டாண்டர் போய் வாங்கி வந்து எங்க கையில கொடுப்பாங்க."

கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்று பெயர். சும்மா நிற்பவர் என்ற அர்த்தம் வரும் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் ஒருநாள்கூட நின்று பார்த்திருக்க மாட்டார். மருந்துக்கு ஓடுவதும், ரத்தத்துக்கு ஓடுவதும், பிளாஸ்க்கில் சாயா வாங்க ஓடுவதும், பாத்திரம் பிடிப்பதும் அவர்தான்.

"ஞானையன் சேட்டனைப் போல ஒரு பைஸ்டாண்டர் கிடைக்க மாட்டார் மாமி" என்று ஷெமி உருகினாள். "குளிச்சு, வெள்ளை முண்டு உடுத்து, மருந்தைத் துணியில் பொதிஞ்சு, தணுப்பு போகாம ஜில்லுன்னு, கொச்சுப் பிள்ளையைக் கொண்டு வர்ற மாதிரி கொண்டு வருவார். மத்தவங்ககிட்ட நான் சொல்லுவேன், அவரைக் கண்டு படிக்கணும்னு. அந்தப் பொன்செல்வியோட புருஷன் இருக்கானே, பிச்சைக்கனி, அவன் மருந்தை எங்கே வைக்கிறான் தெரியுமா? செங்கல் வேலைக்குக் கொண்டு போற பையில!"

தாசையனின் மூளையில் பட்டாசு வெடித்தது. அவன் சூடாமணியை வராந்தா மூலைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மாமி, கேஸ் முடிஞ்சு. ஒரே கடை, ஒரே நர்சு. ஒருத்தி மட்டும் குணம் ஆவுதா. அவளுக்க புருஷன்தான் மத்த ரெண்டு பேருக்க மருந்தையும் மாத்துதான். நல்லது பெண்டாட்டிக்கு, வெள்ளம் மத்தவளுக்கு. அவன் பையைச் சோதிச்சா போதும்."

"சோதி" என்றாள் சூடாமணி.

* * *

பிச்சைக்கனி வார்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். தென்காசிப் பக்கத்துக் கொத்தன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கட்டிடம் எழும்புகிற இடத்தில் வேலை. பையைக் கேட்டதும் அவன் ஓடவில்லை. "பாத்துக்கிடுங்க" என்று காலாலேயே தள்ளிவிட்டான்.

தாசையன் பைக்குள் கையை விட்டான். கொத்துக் கரண்டி. மட்டப்பலகை. நூல்குண்டு. ஒரு அழுக்குச் சட்டை. பாதி தின்ற பரோட்டா. அதற்கும் அடியில், சிமெண்டு தூசி படிந்து, மூலை நசுங்கி, ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ஒன்றே ஒன்று. அதுவும் பிரிக்காமல், சீலோடு.

"இது நாளைக்கு ஏத்தவேண்டியது" என்றான் பிச்சைக்கனி. "பின்னே எங்க வைக்க? எனக்கு என்ன பீரோவா இருக்கு? அந்த நர்ஸம்மா தெனமும் வையுது. மீன்காரரைப் பாரு, மீன்காரரைப் பாருன்னு. நமக்கு அந்த மாதிரி வசதி ஏது."

"என்ன வசதி?" என்றாள் சூடாமணி.

பிச்சைக்கனி பீடியை அணைத்தான். "அவரு முதலாளி. வச்சிருக்காரு" என்றான், அதற்கு மேல் யோசிக்காமல்.

தாசையனின் பட்டாசு நமத்துப்போயிற்று. சூடாமணி அந்த அட்டைப்பெட்டியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தாள். எறும்பு ஊர்வது போல் இங்கிலீஷ் எழுத்து. மூன்றாவது பக்கத்தில் ஒரு வரிக்கு வந்ததும் நெல்லிக்காய் மெல்லுவது நின்றது. மறுபடியும் அதே வரியைப் படித்தாள். பெட்டியை வாங்கிய இடத்திலேயே, பரோட்டாவுக்கு அடியிலேயே, பத்திரமாகத் திரும்ப வைத்தாள்.

"நன்னா வச்சிருக்கேடாப்பா. நர்ஸ் வைதா வைதுட்டுப் போறா. இந்தப் பையை விட்டு எடுக்காதே" என்றாள் பிச்சைக்கனியிடம். பிறகு தாசையன் பக்கம் திரும்பினாள்.

"வண்டியை எடு. மீன் வாங்கணும்."

தாசையனுக்குக் கையிலிருந்த சாவி நழுவியது. கரமனை அக்ரகாரத்துத் தெருவில் ஐம்பத்தொன்பது வருஷம் வாழ்ந்து, முருங்கைக்காயையே கொஞ்சம் காரசாரமான பண்டமாக நினைப்பவள் சூடாமணி.

"மாமி, வாசம் தெருமுனைக்கு வந்தாலே உங்களை ஊரைவிட்டுத் தள்ளி வச்சிருவாவ. வேண்டாம். வேணும்னா நான் வாங்கித் தின்னுட்டு எப்படி இருந்துச்சுண்ணு சொல்லுதேன்."

"வண்டியை எடுடா."

* * *

பாளையம் சந்தையில் மத்தியான வியாபாரம் ஓய்ந்து, ஈக்கள் மட்டும் பேரம் பேசிக்கொண்டிருந்தன. சூடாமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஈரத் தரையில் கால்விரல் நுனியால் நடந்து வந்ததைச் சந்தையே வேடிக்கை பார்த்தது. ஞானையன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அம்மா, களவாணியைக் கண்டுபிடிச்சாச்சா?"

"கண்டுபிடிச்சாச்சு. நாளைக்கு ஏத்தவேண்டிய மருந்து எங்கே?"

ஞானையனின் முகம் மலர்ந்தது. அதைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த முகம். "அதுக்கு ஒண்ணும் பேடிக்காண்டாம். எனக்கக் கையிலல்லா இருக்கு!"

கடையின் உள்ளே பெரிய தெர்மோகோல் பெட்டி. மூடியைத் திறந்தார். மேலே ஒரு நெய்மீன், கண் இன்னும் பளபளவென்று. அதைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி ஓரமாகக் கிடத்தினார். உடைத்த ஐசுக்குள் முழங்கை வரை கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சர்ச் காலண்டர் தாளில் பொதிந்த ஐந்து குப்பிகள்.

"எண்ணிப் பாருங்க. ரோசுக்க ரெண்டு, போனக்காட்டு அக்காளுக்க மூணு. அவளுக்கு மலையிலேருந்து ஆரு வந்து வாங்கிக் கொடுக்க? ஹர்த்தால்னு சாயங்காலம் விளிச்சுச் சொல்லுவானுவ, மறுநாள் ஊரையே அடைப்பானுவ. அதான் மொத்தமா வாங்கி வச்சாச்சு. அட்டைப்பெட்டி நனையும்ணு கீறி எறிஞ்சேன். இடையில எழும்பி எழும்பி ஐஸ் மாத்துவேன், கேட்டியளா. முப்பது வருஷமா எனக்கக் கையில தந்த சாதனம் ஒண்ணு கெட்டதா சரித்திரம் உண்டா?"

சூடாமணி ஒரு குப்பியை வாங்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். பழுப்புக் கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்தாள். தாசையன் எட்டிப் பார்த்தான்.

அடியில் மணல். மஞ்சளாக, சன்னமாக, குப்பி சாயும் பக்கமெல்லாம் சோம்பலாக நகர்ந்தது.

"தாசா, திருட்டுப்போன பொருள் இதோ இருக்கு. குப்பியை விட்டு வெளியிலேயே போகல்லே. இந்த மருந்தைக் குளிர்ல வச்சா உறைஞ்சு மணலா அடியில படிஞ்சுடும். மேலே இருக்கறதை மட்டும் ஊசி உறிஞ்சிண்டு போகும். பழுப்புக் குப்பியோட அடியை யார் பாப்பா? முதல் வாரக் குப்பி வாங்கின கையோட ஏறித்து, ஐஸைப் பாக்கல்லே. அட்டைல மூணாவது பக்கத்துல போட்டிருக்கான், குளிர்ல வைக்கப்படாதுன்னு."

தாசையனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவன் செய்த முதல் காரியம், ஞானையனுக்குக் கேட்காத தூரத்துக்கு அவளை இழுத்தது.

"மாமி, சொல்லாதீங்க. பிச்சுமணி மேல போடுவோம். அந்தாளுக்கு எப்படியும் வேட்டி கிழிஞ்சாச்சு."

"சொல்லாட்டா நாளைக்கும் ஐஸ்ல வைப்பான். வடிவம்மாளோட புது மருந்தையும் அங்கேயே வைப்பான். ஊர்ல யார் நல்லது கேட்டாலும் ஐஸ்ல வைன்னு சொல்லுவான்" என்றாள் சூடாமணி.

சொன்னாள். சுற்றி வளைக்காமல், நேராக, நாலு வாக்கியத்தில்.

ஞானையன் தன் கைகளைப் பார்த்தார். ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ களவாணி நானா அம்மா?"

"வரிசைல நில்லும்" என்றாள் சூடாமணி. குரலில் காரம் ஏறியிருந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. "இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ஊருக்கு எறும்பு சைஸ்ல இங்கிலீஷ்ல எழுதினானே, அவன் முதல்ல. படிச்சுச் சொல்லாம காசை வாங்கிப் போட்டுண்டானே கடைக்காரன், அவன் ரெண்டாவது. குப்பி ஜில்லுனு வந்தா மகா சிரத்தைன்னு மெச்சினாளே நர்ஸ், அவ மூணாவது. நெனைச்சப்போ ஊரை இழுத்து மூடறாளே, அவா ஒரு கூட்டம் நாலாவது. உம்ம நம்பர் ரொம்பக் கடைசி. இப்போ அழாதேயும். நாளைக்குக் காலம்பர புது மருந்து வேணும்."

ஞானையன் அழவில்லை. தெர்மோகோல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஐசும் மீனும் எல்லாமாக நடுத்தரையில் கவிழ்த்தார். நெய்மீன் வழுக்கிக்கொண்டு எதிர்க் கடை வரை போயிற்று. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையில் ஒரு மீன் வெயிலில் கிடந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிச்சுமணி அன்று சாயங்காலமே ஐந்து கெட்ட குப்பிக்கு ஐந்து புதுக் குப்பி எடுத்து வைத்தார். சூடாமணி ஒரு வார்த்தை மிரட்டவில்லை. தைலக் குப்பி ஒன்றைக் கையில் எடுத்து லேபிளைப் படித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

* * *

செவ்வாய்க்கிழமை. வார்டில் டிரிப் ஏற ஆரம்பித்தது. டாக்டர் ஷைலஜா மூன்று நிமிஷத்துக்குப் பதில் பத்து நிமிஷம் கொடுத்தார். போன இரண்டு வாரமும் முழுசாகப் பாழ் இல்லை, பாதி மருந்தாவது உள்ளே போயிருக்கும். இனி வருவதை ஒழுங்காகக் கொடுத்து, கரண்ட் முடிவதற்குள் கூடுதலாக ஒரு டிரிப்பும் கொடுத்துப் பார்க்கலாம். வாக்குக் கொடுக்க முடியாது என்றார். ஷெமி அட்டையின் அந்த ஒரு வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, யார் கண்ணையும் பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஞானையன் வராந்தாவில் நின்றார். உள்ளே வர அவருக்குத் துணிச்சல் இல்லை. ரோஸ் தாசையனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"தம்பி, களவாணி ஆருண்ணு கேட்டா அவரு ஒண்ணும் சொல்லுதில்ல."

தாசையனுக்கு வாய்க்குள் ஏழெட்டுப் பொய் தயாராக இருந்தது. எதை எடுப்பது என்று அவன் துழாவிக்கொண்டிருக்கும்போதே அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"குப்பிக்கு மீன் மணம் இருந்துச்சு. கையில பொதிஞ்சு கொண்டு வரும்போ ஐஸ் வெள்ளம் சொட்டும். ஐஸ்லதான் வச்சிருக்காருண்ணு எனக்கு அப்பவே தெரியும். இவ்வளவு சினேகத்தோட வச்சிருக்காரே, மீன் நாறுதுண்ணு சொன்னா மனசு வெஷமிக்குமேண்ணு நான் வாயைத் தெறந்து மிண்டல்ல. இப்ப சுவத்துல ஒட்டினதை வாசிச்சேன். எனக்குப் புரிஞ்சுதுண்ணு அவர்கிட்ட சொல்லாண்டாம், கேட்டியா?"

தாசையன் தலையாட்டினான். எழுந்து போய் ரிஜிஸ்டரைத் திறந்து, இல்லாத வேலையைப் பார்த்தான்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. பொன்செல்வி வழக்கம்போல் முதலில் ஆரம்பித்தாள். ஒன்றரைக்கு ஏழாம் படுக்கையில் வடிவம்மாள், "ஏ சாமி" என்று எழுந்து உட்கார்ந்தாள். ஷெமி பாத்திரத்தோடு ஓடினாள். நாலாம் படுக்கையில் ரோஸ் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். வாசலில் ஞானையன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. போன வாரம் இதே இடத்தில் நின்று வாந்தி வரக் கூடாது என்று ஜெபித்த மனிதர். சூடாமணிகூட நெல்லிக்காயைப் பையில் வைத்துவிட்டாள்.

இரண்டு இருபதுக்கு ரோஸ் வாயைப் பொத்தினாள்.

ஞானையன் பாய்ந்து வந்ததில் ஒரு ஸ்டூல் கவிழ்ந்தது, பிளாஸ்க் உருண்டது. பாத்திரத்தை நீட்டி, மறு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். அவள் எடுத்தாள். குடல் புரண்டு, கண் பிதுங்கி, ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று வார்டு அதிரக் கத்தினார் ஞானையன். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து சொட்டிற்று. ஒன்பதாம் படுக்கையருகே பிச்சைக்கனி, மீன்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தன் மனைவியிடம் சொன்னான்.

தாசையன் மணியையும் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டான்.

ரோஸ் தலையை நிமிர்த்தி, வாயைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க அவரைப் பார்த்தாள்.

"போதுமா?"

"போதாது பிள்ளே" என்றார் ஞானையன், பாத்திரத்தை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டு. "இன்னும் எடு."